மாதாவிடம் சொல்லியாயிற்று

தட்டு நிறைய வெள்ளிநிறத் தகடுகள். கை, கால், கண், இதயம், தொட்டில், வீடு. வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் ஒருவர் அவற்றைக் கிளறித் தேடுகிறார். வேண்டியது அகப்படவில்லை. "கிட்னி இல்லையாம்மா?" என்று மெல்லக் கேட்கிறார். கடைக்காரப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். அவருடைய வீங்கிய கணுக்காலையும் பார்க்கிறாள். ஆள் உருவம் பொறித்த தகடு ஒன்றை எடுத்து அவர் கையில் வைக்கிறாள்.

"முழு ஆளா வைங்கண்ணே. எல்லாம் சேந்து சரியாவட்டும்."

பேராலயத்தின் அருங்காட்சியகத்தில் இப்படி வந்துசேர்ந்த காணிக்கைகள் இருக்கின்றன. வெள்ளியிலும் பொன்னிலும் செய்த உறுப்புகள், அருகே நன்றிக் கடிதங்கள். குணமான ஒருவர் எழுதியதைக் குணமாக வேண்டிய இன்னொருவர் நின்று வாசிக்கிறார். ஒரு முறை வாசித்துவிட்டு மறுபடியும் முதல் வரிக்குப் போகிறார். பின்னால் நிற்பவர்கள் அவரை அவசரப்படுத்துவதில்லை.

பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையே மணற்பாதை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை இங்கே கால் வைக்க இடமிருக்காது. இன்று சாதாரண வாரநாள், உச்சி வெயில். ஒரு பெண் முழந்தாளில் நகர்ந்து வருகிறாள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் அவள் முன்னே இரண்டு துண்டுகளை மாற்றி மாற்றி விரிக்கிறான். ஒன்றை அவள் கடந்ததும் உருவி, உதறி, மற்றதற்கு முன்னால் போடுகிறான். அவன் தோளில் துணிப்பை. ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. அவள் விரல்களில் செபமாலை நகர்கிறது. உதடு அசைகிறது, குரல் வரவில்லை.

பாதி வழியில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுகிறான்.

"போதும்மா. மிச்சத்த நடந்து வா. மாதா ஒண்ணும் சொல்லாது."

"சொல்லாதுடா. நாந்தான சொல்லியிருக்கேன்."

மறுபடி முட்டி போடுகிறாள். அவன் வேறு பேசவில்லை, துண்டை விரிக்கிறான். அம்மாவின் நோய்க்குத் தன்னால் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது என்பது அந்தக் கைகளின் வேகத்தில் தெரிகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனுக்கு அப்படியொரு வேலையை யார் கொடுத்திருப்பார்கள்?

நடுத்திட்டு என்ற இடத்தில் நடந்ததாக வழிவழியாகச் சொல்லப்படுவதை இந்த ஊரில் எல்லாரும் அறிவார்கள். கால் ஊனமான ஏழைச் சிறுவன் மோர் விற்றுக்கொண்டிருக்கிறான். கையில் குழந்தையோடு வந்த ஒரு பெண், பிள்ளைக்குக் கொஞ்சம் மோர் கேட்கிறாள். கொடுக்கிறான். நாகப்பட்டினத்துக்குப் போய் இன்னாரிடம் சொல், இங்கே எனக்கொரு கோவில் கட்டட்டும் என்கிறாள். அவன் எழுகிறான், ஓடுகிறான். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்தப் பையன் எதையுமே கேட்கவில்லை என்பதுதான். கேட்டது மாதா. அவனால் முடியும் என்று நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்ததும் அவள்தான். கால் சரியானதை அவன் கண்டுகொண்டது அந்தக் காரியத்துக்காக எழுந்தபோது.

1962-இல் பேராலயத் தகுதி பெற்ற கோவிலுக்குள், சேலை உடுத்திய மாதாவின் முன் பல மொழிகளில் முணுமுணுப்பு. முக்காடு போட்டவர்கள், நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகள். மனப்பாடச் செபம் சொல்வோரைவிடப் பேசுகிறவர்களே அதிகம். மாத்திரையின் பெயர், டாக்டர் சொன்னது, கட்டவேண்டிய பணம், மருமகளின் கோபம் என எல்லாவற்றையும் சொல்கிறார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லமுடியாதது இங்கே வாய்விட்டு வருகிறது. சொல்லி முடித்தவர்களின் தோள்கள் தாழ்ந்து தளர்வதைப் பார்க்கிறேன். நோய் போயிற்றா என்று எனக்குத் தெரியாது. நோயோடு சேர்ந்திருந்த தனிமை போய்விட்டது.

கடைசி வரிசையில் ஒரு பெரியவர், பக்கத்திலிருந்த இளைஞனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள். பேத்தி கடலைப் பார்க்கவேண்டும் என்றாள்.

"அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல தம்பி. மாதா மேல அவ்வளவு கோவம். ரொம்ப நாள் கழிச்சு வந்தேன், அதுவும் திட்டத்தான். இந்தத் தூணுகிட்ட நின்னு திட்டுனேன், அழுதேன். அன்னைக்கு ராத்திரி தூங்குனேன்."

"அதுக்கு முன்ன?"

"தூக்கம்னு ஒண்ணு இல்ல."

திட்டியதும் செபம்தான் என்று அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். விவிலியத்தின் திருப்பாடல்களில் மற்ற எல்லா வகைகளையும்விட அதிகமாக இருப்பவை முறையீடுகள். ஏன் கைவிட்டாய், எவ்வளவு காலம் என்று கடவுளின் முகத்துக்கு நேரே கேட்பவை. பேத்தியை இழந்தவர் அந்த வரிசையில்தான் நிற்கிறார்.

வேளாங்கண்ணியைக் கிழக்கின் லூர்து என்பார்கள். பிரான்சின் லூர்து நகரில் குணமடைந்ததாகச் சொல்வோரைச் சோதிக்க 1883 முதல் மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. பதிவானவை ஆயிரக்கணக்கில்; திருச்சபை அற்புதம் என ஏற்றவை 70-ஐச் சற்றே தாண்டும். அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். கிட்னிக்குத் தகடு தேடி வருகிறவரிடம் மருந்தை நிறுத்து என்று சொல்பவர் யாராயினும், அவர் செபத்துக்குப் பகைவர். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் இன்று ராத்திரி தூங்கப்போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

மாலையில் பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் டீக்கடை. ஆச்சி ஒருத்தியும் பாவாடை சட்டையில் பேத்தியும். கடைக்கார அம்மா டம்ளரை நீட்டியபடி கேட்கிறாள்.

"மாதாவப் பாத்தாச்சா ஆச்சி?"

"பாத்தாச்சு, சொல்லியும் ஆச்சு. திங்கக்கெழம தஞ்சாவூருல கண்ணு ஆபரேஷன்."

"நாளைக்குக் காலப் பூசையில வேண்டிக்கிறேன். பேரச் சொல்லுங்க."

கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொள்கிறாள். அங்கே ஏற்கெனவே பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. பேத்தி எட்டிப் பார்க்கிறாள்.

"அக்கா, கண்ணு டாக்டர் பேரையும் எழுதுங்க. அவரு நல்லாப் பாத்துச் செய்யணும்ல."