இமை மூடும் வரம்

கண்ணை இமை காப்பதுபோல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த இமையே காக்க இயலாமற்போனால் கண்ணின் கதி என்ன? நிமிடத்திற்குப் பத்துப் பதினைந்து முறை இமைகள் தாமே மூடித் திறந்து கருவிழியை நனைக்கின்றன, தூசியைத் துடைக்கின்றன, இரவில் கதவடைத்துக் காவல் நிற்கின்றன. கேளாமலே கிடைத்த இவ்வருளுக்கு நாம் நன்றி சொல்ல நினைப்பதே இல்லை.

முகத்தசைகளை இயக்கும் நரம்பு செயலிழக்கும்போது இக்காவல் குலைகிறது. இதற்குக் காரணங்கள் பல. நம் வேலூர்ப் பகுதியின் மூத்த தலைமுறை நன்கறிந்த காரணம் தொழுநோய். அதன் கிருமி உடலின் குளிர்ந்த இடங்களை நாடுவது; கன்ன எலும்பின்மேல் தோலையொட்டி ஓடும் நரம்புக்கிளை அதற்கு எளிதில் இரையாகிறது. பள்ளிகொண்ட அரங்கநாதரால் பெயர்பெற்ற ஊர் நம்முடையது. உறக்கத்தையே பெயரில் தாங்கிய ஊரில், திறந்த விழியோடு உறங்கவேண்டிய மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கருவிழி உலர்ந்து புண்ணாகிறது. சிலருக்குக் கருவிழியின் உணர்ச்சியும் அற்றுப்போவதால் வலி என்னும் எச்சரிக்கைகூட எழுவதில்லை. விரல்கள் மரத்தவருக்குக் கண்களே விரல்கள். அடுப்பின் சூட்டையும் கத்தியின் கூர்மையையும் அவர் பார்த்தே அறிகிறார். அப்பார்வையும் மறைந்தால், தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தும் அவருக்குக் கைகொடுக்காது.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தியதை நாடறியும். அவருடைய துணைவியார் டாக்டர் மார்கரெட் பிராண்ட், 1955இல் தோன்றிய கரிகிரி மருத்துவமனையில் இந்நோயாளரின் கண்களைக் காப்பதையே தம் பணியாக ஏற்றார். மூடாத இமைக்கெனச் செய்யப்படும் அறுவைகளுள் ஒன்று, சர் ஹெரால்டு கில்லீஸ் 1934இல் விளக்கிய முறையிலிருந்து வளர்ந்தது. பல்லைக் கடிக்கும்போது நெற்றிப்பொட்டில் புடைக்கும் தசையை வேறொரு நரம்பு இயக்குகிறது. ஆகவே அது பழுதுபடாமல் இருக்கிறது. அதன் ஒரு பகுதியைப் பிரித்து, அதனோடு இணைந்த இரு நாடாக்களை மேலிமை, கீழிமை வழியே செலுத்தி, மூக்கின் ஓரத்தில் பொருத்துகிறார்கள். பின்னர் நோயாளி பல்லைக் கடித்தால் இமைகள் மூடும்.

ஆனால் மருத்துவரின் பணி அத்தோடு முடிந்தாலும் நோயாளியின் பணி அங்கேதான் தொடங்குகிறது. நாம் நினையாமலே செய்வதை அவர் நினைந்து நினைந்து செய்யவேண்டும். இறையருள் மனித முயற்சியை நீக்குவதில்லை, அதற்கு வழிதிறக்கிறது என்று இறையியல் வகுப்பில் பயின்றோம். அந்தப் பாடத்தை ஒரு முகத்தில் நான் கண்டேன். இவ்வறுவை செய்துகொண்ட முதியவர் ஒருவர், நற்கருணை உட்கொண்டபின் மெல்லத் தாடையை இறுக்குவார், இமைகள் மூடும், அதன்பின்னரே அவருடைய செபம் தொடங்கும். பல்லைக் கடிப்பது சினத்தின் குறி என்பது உலக வழக்கு. நற்செய்தியிலும் அது புறந்தள்ளப்பட்டோரின் வேதனைக்கு அடையாளம். ஊரால் புறந்தள்ளப்பட்ட அம்மனிதருக்கோ அதுவே செபத்தின் வாயில்!

தொழுநோய் இன்று கூட்டு மருந்துகளால் குணமாகும் நோய். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீங்கியதாக இந்தியா 2005இன் இறுதியில் அறிவித்தது. எனினும் புதிய நோயாளிகள் இன்னும் இருக்கிறார்கள். கிருமி ஒழிந்தபின்னும் மூடாத இமை மூடாமலே நிற்பதும் உண்டு. நரம்பு தளர்ந்து ஆறு மாதங்களுக்குள் மருத்துவரை அடைந்தால், மாத்திரைகளாலேயே பலருக்கு இமை மீளக்கூடும். தோல் பதனிடும் கூடத்திலும் காலணித் தொழிற்சாலையிலும் உழைக்கும் ஏழைக்கு அந்த ஆறு மாதம் எத்துணை விலைமதிப்புள்ளது! அதையோ நாம் வெட்கத்திற்கும் மறைத்து வைத்தலுக்கும் பலியிடுகிறோம். கறுப்புக் கண்ணாடி வாங்கித் தந்து வீட்டின் மூலையில் அமர்த்துவது அன்பாகாது.

தொழுநோயாளரை இயேசு தொலைவில் நிறுத்திக் குணமாக்கியிருக்கலாம். அவரோ கைநீட்டித் தொட்டார். நம்மிடம் கேட்கப்படுவது அத்துணைப் பெரிய புதுமையன்று. அண்டைவீட்டாரின் முகத்தை நேராக நோக்கி, ஒரு கண் மூடவில்லையெனக் கண்டால் அவரை உடனழைத்துச் செல்வதே. அவருடைய இமை மூடவேண்டுமானால், முதலில் நம்முடைய கண்கள் திறக்கவேண்டும்.