சீட்டுக்கு அடியில் சீட்டு

சில ஆண்டுகளுக்கு முன் மலேசியாவின் பத்து காஜா வட்டாரத்துக் கல்லூரி ஒன்று என்னிடம் சட்ட ஆலோசனை கேட்டது. பசுமை வளாகம் என்று பெயரெடுக்க விரும்பிய நிர்வாகம், விடுதி முதல் ஆய்வுக்கூடம் வரை பழைய குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியிருந்தது. கழற்றியவை விடுதிக்குப் பின்னால் ஒரு ஸ்டோரில் அடுக்கிக் கிடந்தன. பாதரசம் கலந்த அந்தக் கழிவை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டு விதி. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் நாள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். அடியில் இன்னொரு சீட்டு, அதற்கும் அடியில் மற்றொன்று.

“ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புதுசா ஒட்டச் சொன்னாங்க சார்,” என்றார் ஸ்டோர்க்காரர்.

எனக்கு ஈப்போ உயர்நீதிமன்றத்தில் பார்த்த ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலை, வெள்ளீயம் அலசிய பின் மிஞ்சும் அமாங் மணலிலுள்ள மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தது. வண்ணத் தொலைக்காட்சித் திரைக்கும் குழல் விளக்கின் உள்பூச்சுக்கும் உதவும் இனம் அது. மிஞ்சியது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. அதைப் பாப்பானில் கொட்டத் திட்டமிட்டபோது 1984இல் அவ்வூர் மக்கள் மறித்தார்கள். மறு ஆண்டு புக்கிட் மேரா வட்டாரத்தார் எட்டுப் பேர் வழக்குத் தொடுத்தார்கள்.

1985 அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. ஆனால் அணுசக்தி உரிம வாரியம் உரிமம் கொடுக்க, 1987இல் ஆலை மீண்டும் ஓடியது. அந்த செப்டம்பரில் விசாரணை தொடங்கியபோது ஊர்மக்கள் நீதிமன்றத்துக்கு நடந்தே வந்ததைப் பின்வரிசையிலிருந்த இளம் வழக்கறிஞர்கள் நாங்கள் பார்த்தோம். அடுத்த மாதமே, அவர்களுக்காக வாதாடிய மீனாட்சி ராமன் ஆபரேஷன் லாலாங் என்ற கைது நடவடிக்கையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டார். வழக்கு முடியுமுன் வக்கீல் சிறைக்குப் போகக்கூடும் என்பதைச் சட்டக் கல்லூரியில் எந்தப் பாடத்திலும் நான் படித்திருக்கவில்லை.

1992 ஜூலை 11இல் நீதிபதி பே ஸ்வீ சின் ஆலையை மூட உத்தரவிட்டார். 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. உரிமம் கொடுத்தது வாரியம், குறையிருந்தால் அங்கே முறையிடுங்கள் என்பது அதன் காரணங்களில் ஒன்று. நீதிபதி விஞ்ஞானி அல்ல, அளக்கும் கருவியும் ஆளும் வாரியத்திடம்தான் உண்டு என்ற வகையில் அந்த வாதத்தை அற்பமாக ஒதுக்க முடியாது. ஆனால் உரிமம் கொடுத்த கையிடமே போய் அதைப் பறிக்கச் சொல்லுங்கள் என்று, ஒன்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்தவர்களிடம் சொல்வது எளிதல்ல. ஜெயித்த ஆலை ஒரு மாதத்துக்குள் தானே மூடிக்கொண்டது. பிறகு கிளேடாங் மலையடிவாரத்தில் கழிவைப் புதைத்துச் சுத்தம் செய்ய ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் ஆனது.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும்போது நியாயம் எங்கே ஒளிந்துகொள்கிறது என்பதை அந்த வழக்கில்தான் கற்றேன். ஆகவே கல்லூரிக்கு எழுதிய கருத்தில், 180 நாள் முதல் விளக்கை வைத்த நாளிலிருந்து எண்ணப்படும், கடைசிச் சீட்டிலிருந்து அல்ல என்றேன். கட்டணம் வந்தது, மறுபடி அழைப்பு வரவில்லை.

லாரி வந்து பெட்டிகளை ஏற்றிப்போனதாக ஸ்டோர்க்காரர்தான் போனில் சொன்னார். எங்கே போகிறது என்று தாளில் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். எழுத்துக்கூட்டி ஓர் ஊர்ப் பெயரைப் படித்தார். அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது.