தற்காலிகக் கோப்புகளும் ஒரு வாக்குறுதியும்

ஆய்வேட்டின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் நண்பர்கள் சிலர் அண்மையில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "மடிக்கணினியில் இடமே இல்லை. தற்காலிகக் கோப்புகள் தாமாகவே அழியும்படி அமைத்துவிடலாமா?" அமைத்துவிடலாம். ஆனால் எதைத் தற்காலிகம் என்று கணினி கருதுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. தனிப்பட்ட முறையில் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

மொழியியல் படித்த பழக்கத்தால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'தற்காலம்' என்பது நிகழ்காலத்தைக் குறிக்கும். அதனோடு உறவுடைய 'தற்காலிகம்' நிலைத்திராததைக் குறிக்கிறது. ஒரு பொருள் இன்றைக்கு மட்டுமே உரியதா, நாளைக்கும் வேண்டியதா என்பதை அதைப் பயன்படுத்துபவரே சொல்ல முடியும். கணினி பார்ப்பவை இரண்டுதான்: கோப்பு எங்கே இருக்கிறது, அதைத் தொட்டு எத்தனை நாளாயிற்று.

லினக்ஸ் இயங்குதளத்தில் 'டிஎம்பி' என்னும் பெயரில் இரண்டு கோப்புறைகள் உண்டு. வேரடியில் இருப்பது குறுகிய காலத்துக்கானது. கணினியை மறுபடி தொடங்கும்போது அதில் உள்ளவை இருக்கும் என்று எந்த நிரலும் நம்பக்கூடாது. 'வார்' கோப்புறைக்குள் இருக்கும் மற்றொன்றில் உள்ளவை மறுதொடக்கத்தைத் தாண்டியும் இருக்க வேண்டும். பல லினக்ஸ் வழங்கல்களில் இயங்கும் சிஸ்டம்டியின் இயல்பு விதி முதலாவதற்கு 10 நாள், இரண்டாவதற்கு 30 நாள் என்று கெடு வைக்கிறது. வழங்கலுக்கு வழங்கல் இது மாறும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, புதிதாக நிறுவும் கணினிகளில் இந்தக் கெடுக்களை ஏற்றுக்கொண்டது. முதல் கோப்புறையை நினைவகத்துக்கே மாற்றியும்விட்டது. விண்டோஸில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' இவ்வேலையைச் செய்கிறது. குப்பைத் தொட்டிக்கு அதன் இயல்பான கெடு 30 நாள். பதிவிறக்கக் கோப்புறையை, நாம் சொன்னாலொழிய அது தொடுவதில்லை.

இந்த விதிகள் எல்லாமே நியாயமானவை. ஆனால் களப்பணி செய்பவர்களுக்கு இவற்றில் ஒரு சிக்கல் உண்டு. நான் பெங்களூரில் தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் குடும்பங்களின் பேச்சை ஆராய்கிறேன். ஒலிப்பதிவுகளே என் தரவு. நம்மில் பலர் பயன்படுத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் நேரடியாகப் பதிவு செய்தால், நாம் பெயரிட்டுச் சேமிக்கும் வரை அந்தப் பதிவு தற்காலிகக் கோப்புறையில்தான் கிடக்கும். அதாவது, ஒரு மணி நேர உரையாடலின் ஒரே மூலம் 'தற்காலிகம்' என்ற பெயர்ப்பலகையின் கீழ் இருக்கும். ப்ராட் மென்பொருளில் நிலைமை இன்னும் கடுமை: பட்டியலில் தெரியும் ஒலியும் குறிப்புகளும் நினைவகத்தில் மட்டுமே இருப்பவை, சேமிக்காமல் மூடினால் அவை போய்விடும். எனவே தானியங்கித் துப்புரவை இயக்கும் முன் ஒவ்வொருவரும் தம் மென்பொருள் எதை எங்கே வைக்கிறது என்பதைத் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

இழப்பு எவ்வளவு பெரிதாகக் கூடும் என்பதற்குக் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கூறலாம். 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை அங்குள்ள மீத்திறன் கணினியின் சேமிப்பகத்திலிருந்து சுமார் 77 டெராபைட் தரவு அழிந்தது. சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றுள் 4 குழுக்களின் தரவை மீட்கவே இயலவில்லை. காப்புப் பிரதி எடுக்கும் நிரலின் ஒரு பகுதி, தேவையற்ற பழைய பதிவேட்டுக் கோப்புகளை அழிப்பதற்காக எழுதப்பட்டிருந்தது. அந்த நிரலை எளிதாகப் படிக்கும்படி திருத்தி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதியதை எழுதிவிட்டார்கள். நடுவிலிருந்து புதிய வரிகள் படிக்கப்பட்டன. எந்தக் கோப்புறையைத் துடைக்க வேண்டும் என்று சொல்லும் மாறி வெறுமையாக இருந்தது. பழைய பதிவேடுகளுக்கு விதித்த கட்டளை ஆய்வாளர்களின் கோப்புகள் மீது பாய்ந்தது. காப்பதற்கென்று எழுதிய நிரலே அழித்தது என்பதுதான் இதில் நம்மைத் திடுக்கிட வைக்கிறது.

இதன் மறுபக்கத்தை எனக்குக் காட்டியவர் அல்சூரில் நான் பேட்டி கண்ட ஒரு மூதாட்டி. பேச்சின் போக்கில் மருமகளைப் பற்றியும் சில சொல்லிவிட்டார். விடைபெறும்போது, "எழுதி முடிச்சதும் என் பேச்சை அழிச்சுடணும் கண்ணு, வேற யார் கையிலயும் போகக்கூடாது" என்றார். இரண்டு நாளில் பதில் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தேன். அந்த இரண்டு நாளில் அவருடைய குரல் எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியலிட்டேன்: பதிவுக் கருவியின் அட்டை, மடிக்கணினியின் முதன்மைக் கோப்புறை, ஒலித்திருத்தியின் தற்காலிகக் கோப்புறை, இரைச்சல் நீக்கிய இடைநிலைப் பிரதி, குப்பைத் தொட்டி, மேகச் சேமிப்பு, வெளி வட்டிலுள்ள காப்புப் பிரதி. ஏழு இடங்கள். தானியங்கித் துப்புரவின் கை எட்டக்கூடியவை அவற்றுள் இரண்டே. மேகத்தில் அழித்தாலும் அங்கேயும் ஒரு குப்பைத் தொட்டி உண்டு; கூகுள் டிரைவில் அது 30 நாள் வைத்திருக்கும். மேலும், வட்டிலிருந்து கோப்பை அழிக்கும்போது பெரும்பாலும் நீங்குவது அதன் முகவரிதான். அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளடக்கத்தை மீட்க வழியிருக்கலாம். ஆகவே வட்டை முழுவதுமாக மறையாக்கம் செய்துவைத்திருப்பதே பாதுகாப்பு. இவற்றையெல்லாம் சரிபார்த்த பிறகுதான் அந்த அம்மாவிடம் என்னால் "சரி" என்று சொல்ல முடிந்தது.

ஒப்புதல் படிவத்தில் 'தரவு அழிக்கப்படும்' என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். அந்த வரி ஏழு இடங்களுக்கும் பொருந்துகிறதா என்று எந்த ஆய்வுக் குழுக் கூட்டத்திலும் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் பின்பற்றும் முறை எளியது. மூலப் பதிவுகளுக்குத் தனிக் கோப்புறை. அதைப் படிக்க மட்டுமே இயலும், எந்தத் துப்புரவு விதியும் அதை நெருங்காது. இடைநிலைப் பிரதிகள் அனைத்தும் நானே உருவாக்கிய ஒரு 'பட்டறை'க் கோப்புறைக்குச் செல்லும். அதற்கு 30 நாள் கெடு. அங்கே உள்ள எதையும் மூலத்திலிருந்து மறுபடி உருவாக்க முடிய வேண்டும் என்பதே நுழைவு விதி. 'ஃபைண்ட்' கட்டளையால் அழிக்கும் முன் அதே கட்டளையால் பட்டியலை மட்டும் அச்சிட்டு ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவேன். அழிப்பதாக உறுதியளித்த பதிவுகளுக்குத் தனியே ஒரு தாள்: பதிவின் எண், பிரதிகள் உள்ள இடங்கள், அழிக்க வேண்டிய நாள், அழித்த நாள். இந்த வேலையை எந்த நிரலிடமும் விடுவதில்லை.

இந்திய அறிவியல் கழகத்தின் பரம் பிரவேகா போன்ற மீத்திறன் கணினிகளில் வேலை செய்யும் நண்பர்களுக்கு ஒரு சொல். அங்கே 'ஸ்க்ராட்ச்' எனப்படும் பகுதி கணக்கீட்டுக்கான மேசை. கோப்புகளைச் சேர்த்துவைக்கும் அலமாரி வேறு. கணக்கு முடிந்த அன்றே விளைவுகளை எடுத்துவந்துவிடுங்கள். துப்புரவுக் கெடுவைப் பயனர் கையேட்டில் தேடிப் படித்துவிடுங்கள்.

உங்கள் ஆய்வகத்தில் இதற்கென எழுதிவைத்த நடைமுறை ஏதேனும் இருந்தால் கீழே பகிருங்கள். அடுத்த களப்பணிக்குச் செல்லும் இளைய ஆய்வாளர்களுக்காக அவற்றைத் தொகுத்து ஒரு பக்கக் குறிப்பாகத் தர விரும்புகிறேன்.