பெஸ்ட் பிஸ்டல் எது? கேள்வியே தப்பு!

கேம் விளையாடுற யார்கிட்டயாவது "பிஸ்டல்ல எது பெஸ்ட்?"னு கேட்டுப் பாருங்க. அரை நிமிஷத்துல பதில் வந்துடும். டேமேஜ் எவ்வளவு, மேகசின்ல எத்தனை குண்டு, ரீலோடுக்கு எவ்வளவு நேரம்னு எல்லாத்தையும் ஒப்பிப்பாங்க. நிஜத்துல சிறப்புப் படைகள் பிஸ்டல் தேர்ந்தெடுக்கிற கதையைப் படிச்சா, அவங்க ஆரம்பிக்கிற இடமே வேற. "எந்த வேலைக்கு?"ங்கிறதுதான் அவங்களோட முதல் கேள்வி.

முதல்ல ஒண்ணைத் தெளிவாக்கிடறேன். கமாண்டோவுக்கு பிஸ்டல் ரெண்டாவது ஆயுதம். 2008 நவம்பர்ல மும்பை ஓட்டல்களுக்குள்ள போன தேசியப் பாதுகாப்புப் படையினர் கையில எம்பி5 மாதிரி ஆயுதங்கள்தான் முதன்மையா இருந்தது. அது நின்னுபோனா, இல்ல அதை நீட்டித் திருப்ப முடியாத குறுகலான இடத்துல மாட்டினா, இடுப்புல இருக்கிறது வெளிய வரும். அதாவது நாள் முழுக்க சுமக்கணும்; தேவைப்படுற நேரம் சில நொடிதான். ஆனா அந்தச் சில நொடியில அது மக்கர் பண்ணவே கூடாது.

நம்ம ராணுவம் பல வருஷமா வெச்சிருக்கிறது 'பிஸ்டல் ஆட்டோ 9 எம்எம் 1ஏ'. மேற்கு வங்கத்துல இஷாபூர் ரைஃபிள் ஃபேக்டரியில தயாராகுது. இதோட மூலம் 1935ல வந்த பிரௌனிங் ஹை-பவர். 13 குண்டு, முழுக்க இரும்பு உடம்பு, நல்ல கனம். முதல் குண்டைச் சுட, பின்னாடி இருக்கிற சுத்தியல் ஏற்கெனவே இழுத்து வெச்ச நிலையில இருக்கணும். அந்தக் காலத்துக்கு அது அருமையான டிசைன். ஆனா இருட்டுல, கையுறை போட்ட கையில, ஒரு வேலை கூடுதலா இருந்தாலும் அது சுமைதான். தேசியப் பாதுகாப்புப் படை மாதிரி சிறப்புப் படைகள் க்ளாக் பக்கம் போனதுக்கு இப்படிப்பட்ட விஷயங்களும் காரணம். க்ளாக்ல உடம்பு பாலிமர், வெளிய தெரியிற சுத்தியலே கிடையாது, ஒவ்வொரு தடவையும் விசை ஒரே மாதிரி அமுங்கும்.

அதுலயும் அளவு இருக்கு. 1982ல வந்த க்ளாக் 17ல 17 குண்டு. 1988ல வந்த க்ளாக் 19ல 15 குண்டு. நீளம் சுமார் 2 செ.மீ. குறைவு, குண்டில்லாம எடை 600 கிராம் வாக்குல. பேப்பர்ல பார்த்தா ரெண்டு குண்டு நஷ்டம். ஆனா பிஸ்டலை மறைக்கறப்போ காட்டிக்கொடுக்கிறது பெரும்பாலும் குழலைவிடக் கைப்பிடிதான். சாதாரண சட்டைக்குள்ள புடைக்கிறது அந்த இடம். சிவில் உடையில வி.ஐ.பி. பக்கத்துல நிக்கிறவருக்கு அந்தச் சின்ன வித்தியாசம்தான் முக்கியம்.

இது எனக்குப் புதுசா தெரியலை. எங்க ஊர் பண்ணைக்காடு, கீழ்ப்பழனி மலையில காப்பியும் மலைவாழையும் விளையிற ஊர். எந்தத் தோட்டத்துலயும் ஒரே ஒரு அரிவாள் இருக்காது. வாழைத்தார் வெட்ட நீளமானது, காப்பிச் செடி கவாத்துக்கு வேற, சில்வர் ஓக் மரத்துல ஏறி நிழல் கழிக்கிறவருக்குக் குட்டையானது. மரம் ஏறுறப்போ இடுப்புல நீள அரிவாள் இருந்தா கிளையில மாட்டும், காலைக் கிழிக்கும். அவர்கிட்ட போய் "நீளமானதுதான் பவர் ஜாஸ்தி"ன்னு சொல்லிப் பாருங்க, சிரிப்பார். கைப்பிடியைத் தன் கைக்கு ஏத்தமாதிரி சீவிக்கிறதும் அவர்தான். மூடுபனியும் சாரலும் இருக்கிற ஊர்ல துருப்பிடிக்காம எண்ணெய் தடவி வைக்கிறதும் அவர்தான்.

சிறப்புப் படைகள் செய்யுறதும் கிட்டத்தட்ட இதேதான். அமெரிக்கக் கடற்படையின் சீல் படையை எடுத்துக்கோங்க. 1980கள்ல பெரெட்டா பிஸ்டலை அவங்க கடுமையா பயன்படுத்தினப்போ ஸ்லைடு உடைஞ்சு, சுட்டவங்களுக்கே காயம்பட்டது. அதுக்கப்புறம் சிக் பி226க்கு மாறினாங்க. உப்புத் தண்ணியைத் தாங்குற பூச்சு அதுக்கு முக்கியமான தேவையா இருந்தது. பிறகு 2015 வாக்குல க்ளாக் 19ஐயும் எடுத்துக்கிட்டாங்க. தண்ணியில வேலை செய்யுறவங்களுக்காக க்ளாக்குக்குத் தனியா ஒரு குட்டிப் பாகம் இருக்கு. சுடுமுள் ஓடுற பாதையில தண்ணி தேங்கினா முள்ளோட வேகம் குறையும், குண்டு வெடிக்காம போகலாம். அதனால ஸ்பிரிங்கைத் தாங்குற கப்புல தண்ணி வழிஞ்சு போக இடம் விட்டிருக்காங்க. மொத்த மாற்றமும் அவ்வளவுதான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல நாம எழுதுற விஷயம் ஒருத்தர் உயிருக்குப் பக்கத்துல போய் நிக்குது, பார்த்தீங்களா?

இன்னொண்ணு. 2017ல அமெரிக்க ராணுவம் சிக் பி320ஐத் தேர்ந்தெடுத்துச்சு. முழு அளவு எம்17, சின்னது எம்18. ரெண்டுக்கும் உள்ள இருக்கிற விசை அமைப்பு ஒண்ணே. வெளிக் கைப்பிடியைக் கை அளவுக்கு மாத்திக்கலாம். ஆனா அதுல கட்டைவிரலால தள்ளுற சேஃப்டி உண்டு. சீல் படையோட க்ளாக்ல அது கிடையாது. ஒரே நாடு, ரெண்டு பதில்! லட்சக்கணக்கானவங்களுக்குக் கொடுக்கிற ஆயுதத்துல கைதவறினா என்ன ஆகும்னு யோசிச்சாகணும். ஓயாம சுட்டுப் பழகுறவங்களுக்கு அந்தக் கூடுதல் அசைவே தடை. ரெண்டு பதிலும் சரிதான், ஏன்னா பயன்படுத்துற ஆள் வேற.

நம்ம நாட்டு உதாரணம் 'அஸ்மி'. இது இடுப்புல செருகுற பிஸ்டல் கிடையாது, அதைவிடப் பெரிய 9 எம்எம் மெஷின் பிஸ்டல். 2021 ஜனவரியில அறிவிச்சாங்க. மௌ இன்ஃபன்ட்ரி ஸ்கூலும் புனேவுல இருக்கிற டிஆர்டிஓவோட ஏஆர்டிஇ ஆய்வகமும் சேர்ந்து நாலே மாசத்துல உருவாக்கினது. மேல் பாகம் அலுமினியம், கீழ் பாகம் கார்பன் ஃபைபர், சில பாகங்கள் 3டி பிரின்ட். 2024ல ராணுவத்தின் வடக்குக் கட்டளைப் பிரிவுக்கு 550 போச்சு. நாலு மாசங்கிற வேகத்தைவிட எனக்குப் பிடிச்சது, ஆயுதத்தைக் கையில பிடிக்கிற ராணுவ அதிகாரியே டிசைன் மேசையில உட்கார்ந்திருந்தார்ங்கிறதுதான். குண்டும் புதுசா தேட வேண்டியதில்லை. 1ஏ, எம்பி5, க்ளாக், அஸ்மி எல்லாமே சுடுறது ஒரே 9×19 தான்.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்கலாம். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சின்னு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் நம்ம மாநிலத்துலயே வருது. நம்ம பேட்ச்ல சிலர் அங்க போய் உட்காருவோம். மத்தவங்க பிரேக், வென்டிலேட்டர், லிஃப்ட்னு ஏதாவது செய்வோம். 1999 கார்கில் போர்ல, கடுங்குளிர்ல இன்சாஸ் ரைஃபிளோட மேகசின் விரிசல் விடுதுன்னு புகார் வந்தது. பேப்பர்ல இருக்கிற வெப்பநிலை ஒரு நம்பர். மலை உச்சியில அது ஒருத்தரோட உயிர்.

புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி நெட்ல இருந்து ஸ்பெசிஃபிகேஷன் டேபிளை இறக்கி ஒட்டுறது எல்லா டிபார்ட்மென்ட்லயும் நடக்குது. அடுத்த தடவை அந்த டேபிளைத் தொடுறதுக்கு முன்னாடி, அந்தப் பொருளைத் தினமும் கையில பிடிக்கப்போற ஒரே ஒரு ஆளைத் தேடிப் போங்க. "எங்க மாட்டுது? எப்போ நனையுது? எந்தக் கையால பிடிக்கிறீங்க?" இந்த மூணைக் கேட்டுட்டு வாங்க. டேபிள்ல பாதி நம்பர் மாறிடும்.