சாரலுக்கு முன்னால் அரை மணி

தென்காசியில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் நிமிர்ந்து பார்ப்பது காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தைத்தான். நாங்களும் பார்த்தோம். ஆடி மாதம். சாரல் ஊசி ஊசியாகக் கன்னத்தில் விழுந்தது. சட்டென்று குற்றாலத்துக்குப் பஸ் ஏற வேண்டும் என்று எனக்கு அவசரம். கூட வந்த அடுத்த வீட்டு டீச்சரோ, "அரை மணி பொறுங்க அக்கா, இன்னிக்கு முதல் வெள்ளி. பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்துடறேன்" என்றார்.

"போன மாசம்தானே பண்ணினீங்க? அதுக்குள்ளே என்ன புதுப் பாவம்?"

"புதுசு எங்கே? அதே பழைய நாக்குதான்!"

டீச்சர் கத்தோலிக்கர். வருஷத்துக்கு ஒரு முறையாவது பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்று 1215-இல் லாத்தரன் சங்கம் விதித்ததாம். இவருக்கு வருஷக் கணக்குப் போதாது, மாதக் கணக்கு. மாதா கோயிலின் பின் பெஞ்சியில் நான் உட்கார்ந்துகொண்டேன். டீச்சர் முதலில் தனியே கண்ணை மூடி வெகு நேரம் இருந்தார். அதற்கு ஆத்தும சோதனை என்று பெயர். பிறகு தட்டி மறைவில் முழங்காலிட்டார். சொன்னது எதையும் குருவானவர் உயிர் போனாலும் வெளியிடக் கூடாது. நான் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை!

இந்தப் பழக்கத்துக்கும் நம் தமிழுக்கும் பழைய உறவு உண்டு. தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியே ரயில் மலையைத் தாண்டிப் போகிறதே, அந்தக் கொல்லத்தில்தான் 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அதைத் தந்த அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களோடு வாழ்ந்தவர். இரண்டே வருஷத்தில், 1580-இல், கொச்சியில் இன்னொரு புத்தகம் போட்டார்: 'கொம்பெசியோனாயரு'. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லும் கையேடு! தமிழில் அச்சேறிய முதல் சில புத்தகங்களிலேயே, செய்த தப்பை எப்படி வாய் திறந்து சொல்வது என்பதும் ஒன்று. அதன் பிரதி ஒன்று ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

வெளியே வந்ததும் மறுபடி கோபுரம் கண்ணில் பட்டது. 15-ஆம் நூற்றாண்டில் இக்கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியர், பின்னாளில் பழுது வந்தால் அதைச் சீர்செய்கிறவர்களை இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். பழுது வரத்தான் செய்தது. வெகு காலம் மொட்டையாய் நின்ற கோபுரம் 1990-இல்தான் திரும்ப எழுந்தது. இதைச் சொன்னபோது டீச்சர், "ராஜாவுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க! நானும் இனிமேல் தப்பே பண்ண மாட்டேன்னு நினைச்சா மாசா மாசம் போறேன்?" என்றார்.

பேரருவியில் பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். தலையில் யாரோ மத்தளம் வாசிப்பதுபோல் தண்ணீர் விழுந்தது. துவட்டிக்கொண்டே, "உங்க பாவசங்கீர்த்தனத்தை விட இது சுலபம், டீச்சர். எல்லாம் போயிடுச்சு" என்றேன்.

"அருவி உங்களை ஒண்ணும் கேட்கலையே, அக்கா!" என்று சிரித்தார். பிறகு தாமாகவே சொன்னார். ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் எதிரில் நாத்தனாரை ஏதோ குத்திப் பேசிவிட்டாராம். மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் நாத்தனார் வீட்டுப் படி ஏறுவது பாக்கி. "சாமியார் கிட்டே சொல்றது அரைப் பங்கு. மீதி செங்கோட்டையிலே இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. என் தங்கையின் வளைகாப்பில் நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு இரண்டு வருஷமாகிறது. குழந்தை நடக்கிறதாம், யாரோ சொல்லித்தான் தெரியும்.

கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருந்தார்கள். டீச்சர் நாத்தனாருக்கென்று ஒரு கிலோ மங்குஸ்தான் நிறுக்கச் சொன்னார்.

"இன்னொரு கிலோ தனியாக் கட்டுப்பா" என்றேன் நான்.