அட்டை வீட்டு ராத்திரி

மாடல்ல ராத்திரியைக் காட்ட கறுப்பு பெயிண்ட் போதும்னு நினைப்பீங்க. அடிச்சுப் பாருங்க, தீப்பிடிச்ச ஊர் மாதிரி இருக்கும். மோட்டார் போட ராத்திரி வயலுக்குப் போறவன் சொல்றேன்: வெளிச்சம் குறையக் குறைய நம்ம கண்ணுக்குச் சிவப்புதான் முதல்ல மங்கும், நீலம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

மகளோட பள்ளிக் கண்காட்சிக்கு, போன வருஷம் இடிச்ச எங்க ஓட்டு வீட்டை அட்டையில செஞ்சோம். ஓட்டுச் சிவப்புல கருஞ்சாம்பல் கலந்தோம். மேலே ஒரு பல்பு, அதுக்கு நீலக் கண்ணாடித்தாள், நிலா ரெடி. அடுப்படியில ஒண்ணு, திண்ணையில ஒண்ணுன்னு மஞ்சள் எல்இடி. அதுதான் படுத்திடுச்சு, கல்யாண வீடு மாதிரி ஜொலிக்குது! பெரிய ரெசிஸ்டரா மாத்தி, எண்ணெய் தடவின காகிதத்தை ஒட்டினதும்தான் அடங்குச்சு.

அம்மா குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "திண்ணை விளக்கை எடுத்துடுப்பா. நம்மகிட்ட இருந்தது ஒரே சிம்னி, அது அடுப்படியில"ன்னாங்க.

எடுத்துட்டோம்.