பொன்னியோடு காபி குடிக்க

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி இன்று தொடங்குகிறது. எட்டரை மணிக்கெல்லாம் தார்ச்சாலை சுட ஆரம்பித்துவிடும். புறங்கையைத் தார்மேல் வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடியாவிட்டால் எங்கள் நாய் பொன்னியை ரோட்டில் இறக்குவதில்லை. அதனால் இன்று ஆறரைக்கே கிளம்பிவிட்டோம்.

கொட்டிவாக்கத்திலிருந்து நீலாங்கரை வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய உள்தெருக்களில் தோட்டம் வைத்த பழைய பங்களாக்கள் பல இப்போது கஃபேயாகிவிட்டன. சிலவற்றின் வாசலில் நாயின் பாதத்தை வரைந்து 'பெட் ஃப்ரெண்ட்லி' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு பலகையைப் பார்த்துத்தான் கேட்டுக்குள் கால் வைத்தேன். சீருடை போட்ட இளைஞர் ஒருவர் வேகமாக எதிரே வந்தார்.

"மேடம், இது இண்டி டாகா?"

"ஆமாம் தம்பி, நாட்டு நாய்தான்."

"சாரி மேடம். ப்ரீட் டாக்ஸ் மட்டும்தான் உள்ள விடுவோம். மத்த கஸ்டமர்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க."

பொன்னி என் இடது காலை ஒட்டி உட்கார்ந்து அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது காதின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த தெருவிலேயே திரும்ப விடப்பட்ட நாய் என்பதற்கான அடையாளம் அது. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் வருஷம் தவறாமல் ஊசி போடுகிறோம். 50 ரூபாய் கட்டி மாநகராட்சி உரிமமும் வாங்கியிருக்கிறோம். தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் கையில் வாங்கவே இல்லை.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, முதலாளி சொல்லச் சொன்னதைச் சொன்னார். அந்த விதிமேல்தான் கோபம். ஊசி போட்டாயிற்றா, கயிறு கையில் இருக்கிறதா, மற்ற நாயைக் கண்டால் பாயுமா என்று வாசலில் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். சாதி பார்த்து உள்ளே விடுவதை மனிதர்களுக்கே ஒப்புக்கொள்ளாத நாம் நாய்க்கு மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

மே 5, திங்கள்

நேற்று அந்தக் கஃபேயின் உள்ளே, மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு ஹஸ்கி படுத்திருந்தது. அது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நாக்கு முழுக்க வெளியே தள்ளி, நுனி கரண்டிபோல் அகன்றிருந்தது. வயிறு படபடவென்று அடித்துக்கொண்டது. அப்போது மணி ஏழுகூட ஆகவில்லை. சைபீரியப் பனியில் வண்டி இழுக்க வளர்த்த இனம், உடம்பில் இரட்டை அடுக்கு ரோமம். அதை மே மாதச் சென்னையில் வைத்திருப்பதை நினைத்தாலே பாவமாக இருக்கிறது.

2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இந்த வெயிலுக்கு ஒத்துவராத இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்கிறது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பிரெஞ்சு புல்டாக், பக் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிய பக்கைப் பார்த்து ஊரே அதை வாங்கிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. மூக்கு அமுங்கிய நாய்க்கு மூச்சு விடுவதே பாடு. உடம்புச் சூட்டை இளைத்து இளைத்துத்தான் இறக்க வேண்டும் என்னும்போது அதன் கதி என்ன?

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாம் நம் மண்ணிலேயே வளர்ந்தவை. 2005இல் அஞ்சல் துறை நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இராஜபாளையத்துக்குத்தான். பொன்னி அந்தப் பெயர் பெற்ற இனங்களில் சேராதவள். ஆனால் இந்த வெயிலும் இந்தப் புழுக்கமும் அவளுக்குப் பிறப்பிலிருந்தே பழக்கம்.

மே 8, வியாழன்

தெருமுனை டீக்கடை. பலகை எதுவும் கிடையாது. விடிகாலையில் பாய்லர் சூடேறும்போதே ஐந்தாறு நாய்கள் வந்து உட்கார்ந்துவிடும். வேலைக்குப் போகிற ஆட்கள் டீயோடு ஒரு பொறை வாங்கி, பாதியைத் தாங்கள் தின்று மீதியை உடைத்துப் போடுவார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறையும். ஆனால் அதில் ஒரு சிக்கலும் உண்டு. பொறை விழுவது ரோட்டோரத்தில், பைக் திரும்புகிற இடத்தில். தின்ன வரும் நாய்கள் அங்கேயே சண்டை போடுகின்றன, வண்டியையும் துரத்துகின்றன. போன மாதம் பால் பாக்கெட் போடும் பையன் அங்கே விழுந்து முட்டி பெயர்ந்தது.

2023ஆம் ஆண்டின் விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. சோறு வைக்கிற இடம் படிக்கட்டு, கட்டட வாசல், பிள்ளைகள் விளையாடுகிற இடம் ஆகியவற்றை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும், குடியிருப்போர் சங்கமே அதைப் பேசி ஒதுக்கித் தர வேண்டும் என்று இருக்கிறது. கடைக்காரரிடம் சொன்னேன்.

"டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால காலி இடம் இருக்கே அண்ணாச்சி, அங்க போடச் சொல்லலாமே?"

"சொல்றேன் டீச்சரம்மா. ஆனா டீ குடிக்கிறவங்க அவ்வளவு தூரம் நடப்பாங்களா? நானே ஒரு தட்டு வாங்கி அங்க வச்சிடுறேன்."

அவர் சொன்னதுதான் நடக்கக்கூடிய வழி.

மே 11, ஞாயிறு

பாலவாக்கத்தில் வேறொரு கஃபே. இதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும்.

இரண்டு நாட்டு வாதுமை மரங்கள் முற்றம் முழுவதையும் மூடி நிழல் தருகின்றன. தரையில் ஓடு பதிக்காமல் ஆற்றுமணல் பரப்பி, காலையில் ஒருமுறை தண்ணீர் தெளித்திருந்தார்கள். பொன்னி போனதும் மணலைக் காலால் பறித்து, அடியிலிருந்த ஈர மணலில் வயிற்றை வைத்துப் படுத்தாள். ஒரு மேசைக்கும் அடுத்ததற்கும் இடையே நல்ல இடைவெளி. இரண்டு நாய்கள் கயிறு முழுக்க இழுத்தாலும் மூக்கோடு மூக்கு முட்டாது. ஒவ்வொரு மேசைக்கும் பக்கத்தில் தரையில் ஒரு இரும்பு வளையம் புதைத்திருக்கிறார்கள். மேசைக் காலில் கயிற்றைக் கட்டினால் நாய் எழுந்து ஓடும்போது காபியும் சேர்ந்து கவிழும் அல்லவா, அதற்காக. தண்ணீர்ச் சட்டியை ஒரு நாய் குடித்த பிறகு கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு அடுத்ததற்கு வேறு எடுக்கிறார்கள். பொதுச் சட்டியிலிருந்து என்னென்ன தொற்றும் என்று தெரிந்தவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

நடத்துகிற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் நான்காம் அட்டவணையில், பிராணிகளும் பறவைகளும் உணவு நிறுவனப் பகுதிக்குள் வரக்கூடாது என்று இருக்கிறதாம். அதனால் சமையல் கட்டு, பரிமாறும் மேடை, ஏசி அறை எல்லாம் வீட்டுக்குள். நாய்களுக்குப் பக்கவாட்டுக் கேட் வழியாக முற்றம் மட்டும். நாயைத் தொட்ட பணியாள் கை கழுவாமல் தட்டைத் தொடக்கூடாது. குழாயும் சோப்பும் முற்றத்திலேயே இருக்கின்றன.

"நாய்க்குன்னு தனி மெனு ஏன் வைக்கலை?" என்று கேட்டேன்.

"வேணாம்னு முடிவு பண்ணிட்டோம் டீச்சர். போட்டோ எடுக்கறதுக்காக க்ரீம் வாங்கி ஊட்டுவாங்க, மறுநாள் பேதின்னு போன் வரும். வீட்டுலயே சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வாங்கன்னுதான் சொல்றோம்."

கேட்கவே நிம்மதியாக இருந்தது. கஃபே மேசையில் இருப்பதில் பாதி நாய்க்கு ஆகாதவை. பிரவுனியில் சாக்லேட், அதிலுள்ள தியோப்ரோமினை நாயின் உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. கேக்கில் உலர்திராட்சை, அது சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் வரும் ஸைலிட்டால் எல்லாவற்றிலும் மோசம், கொஞ்சம் உள்ளே போனாலே சர்க்கரை அளவு சடாரென்று இறங்கிவிடும். பாசத்தோடு ஒரு விள்ளல் நீட்டுகிற பக்கத்து மேசைக்காரருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது.

காபி சுமார்தான். டிகாக்‌ஷன் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். அடுத்த முறை சொல்லிவிட்டு வாங்க வேண்டும்.

மே 13, செவ்வாய்

வெளியே போகவில்லை. மதியம் மூன்று வரை கடற்காற்று இறங்கவே இல்லை. நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான் வியர்க்கும், மற்றபடி இளைப்புதான். காற்றில் ஈரம் கூடினால் இளைத்தும் சூடு இறங்காது. 39 டிகிரி வரை அதற்குச் சாதாரணம், 41ஐத் தாண்டினால் ஆபத்து. பொன்னி குளியலறைத் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

மே 17, சனி

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளி வேனிலிருந்து இறங்கும்போது தெருநாய் ஒன்று கெண்டைக்காலில் கடித்துவிட்டது. 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கே முதல் ஊசி, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று எல்லாவற்றையும் அவள் அம்மா ஒழுங்காகப் போட்டு முடித்தாள். வெறிநோய் அறிகுறி காட்ட ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. கடித்தவுடனே காயத்தைக் கழுவி ஊசிகளை ஒழுங்காகப் போட்டால் பயமில்லை. உடம்புக் காயம் ஆறிவிட்டது. நாயைக் கண்டால் இன்றும் அவள் உடம்பு விறைத்துப்போகிறது.

பாலவாக்கம் கஃபேயைப் பற்றிச் சொன்னபோது அவள் அம்மா கேட்டாள்: "எல்லா இடத்துலயும் நாய் வந்துட்டா எங்க பொண்ணு எங்க போவா அக்கா?"

நியாயமான கேள்வி. அதைச் சும்மா தள்ளிவிட்டுப் போகும் நாய்ப் பிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாய் பிடிக்கும் என்பதற்காகப் பிள்ளையின் பயத்தைச் சின்னதாக்கக் கூடாது. "ஒண்ணும் பண்ணாது, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக்கொண்டே கயிற்றைத் தளர விடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சாயங்காலம் மூவரும் போனோம், பொன்னியை விட்டுவிட்டு. வீட்டுக்குள், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். வெளியே ஒரு லாப்ரடாரும் இரண்டு நாட்டு நாய்களும் இருந்தன. குழந்தை இரண்டு காலையும் நாற்காலிச் சட்டத்தின்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். சாண்ட்விச்சில் முக்கால்வாசி சாப்பிட்டாள். லாப்ரடார் எழுந்து உடம்பை உதறியபோது தட்டிலிருந்து கையை எடுத்து, அது திரும்பப் படுத்த பிறகு மறுபடி வைத்தாள். போய்த் தொட்டுப் பார் என்று யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் சொல்லவும் விட்டிருக்க மாட்டேன்.

மே 18, ஞாயிறு

கஃபே முடிந்ததும் நாய்களைக் கடற்கரையில் அவிழ்த்துவிடுகிற வழக்கம் இங்கே பெருகிவிட்டது. இன்று காலை நீலாங்கரை மணலில் மூன்று நாய்கள் கயிறில்லாமல் ஓடின. சொந்தக்காரர்கள் தூரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகிற கரை இது. 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று, பருவம் முழுக்க இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறது. அவர்கள் கண்ணில் படாமல் போகும் குழி ஏதாவது இருந்தால் நாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும். பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும், அதனால் மே மாதத்திலும் மணலுக்கடியில் முட்டை இருக்கலாம். பொன்னியும் தோண்டுகிற நாய்தான். கரைமேல் அவளுக்குக் கயிறு எப்போதும் உண்டு.

இந்த மூன்று நாய்க்காரர்களிடமும் போய்ச் சொன்னேன். இரண்டு பேர் உடனே கூப்பிட்டுக் கட்டினார்கள். மூன்றாமவர், "தெருநாய் சுத்துறப்போ என் நாய் மட்டும் என்ன?" என்றார். தெருநாய்க்குக் கயிறு பிடிக்க ஆளில்லை, உங்கள் நாய்க்கு நீங்கள் இருக்கிறீர்கள் என்றேன். பதில் சொல்லாமல் நடந்துவிட்டார்.

மே 25, ஞாயிறு

பாலவாக்கம் கஃபேக்குத் தமிழில் ஒரு பலகை வேண்டுமாம். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் ஓட்டுநர்களும் வீட்டு வேலை செய்கிறவர்களும் நாயைக் கூட்டிவரும்போது படிக்க முடியவில்லை என்று அந்தப் பெண் சொன்னார். நல்ல யோசனை. உட்கார்ந்து எழுதினோம்.

வெறிநோய் ஊசிச் சான்று இல்லாமல் உள்ளே வர முடியாது. கயிறு நான்கு அடிக்கு மேல் கூடாது, இழுக்க இழுக்க நீளும் கயிறு வேண்டவே வேண்டாம். நாய் நாற்காலியிலோ மேசையிலோ ஏறக்கூடாது. உங்கள் தட்டிலிருந்து எந்த நாய்க்கும் ஊட்டக்கூடாது. கேட்காமல் யாருடைய நாயையும் தொடக்கூடாது. இனத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை, தேவைப்படவில்லை.

நேரத்தில்தான் இழுபறி. அவருக்கு நாள் முழுக்க முற்றத்தைத் திறந்துவைக்க ஆசை. காலை ஏழு முதல் ஒன்பது, மாலை ஐந்தரைக்கு மேல் என்று வரையறுத்துவிடச் சொன்னேன். நடுப்பகல் வெயிலில் நாயை இழுத்துக்கொண்டு வரமாட்டார்கள், பிள்ளைகளும் பயமில்லாமல் முற்றத்தில் உட்காரலாம். வியாபாரம் குறையும் என்றார். குறையும்தான். கடைசியில் ஜூன் மாதம் மட்டும் இப்படி நடத்திப் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பெயின்டர் வருகிறார். அதற்குள் பொன்னியின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஊசிச் சான்றை ஸ்கேன் எடுத்து ஏற்றித் தருவதாகப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் அம்மா சொல்லியிருக்கிறாள்.